இல்லை என்று சொல்லாத கடை

பாப்பாரப்பட்டி கடைவீதியிலிருந்து உள்ளே திரும்பினால் தெருமுனையில் முதலில் கண்ணில் படுவது எங்கள் மளிகைக் கடை. நான் கல்யாணமாகி வந்த வாரமே அந்தக் கடையின் சட்டத்தை எனக்குச் சொல்லிவிட்டார்கள். தராசுக்கு உள்பக்கம் நிற்கிறவர் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வரக் கூடாது. வீட்டில் அரிசி தீர்ந்தால் 'அரிசி நிறைஞ்சிருக்கு' என்கிறோமே, அந்த மாதிரிதான். சீரகம் தீர்ந்துபோனால் 'நாளைக்கு வரும்'. ரொட்டி தீர்ந்தால் 'வண்டி வந்துக்கிட்டிருக்குது'. நாங்கள் ஜென்மத்தில் வாங்கி வைக்காத சாமானைக் கேட்டாலும் அதே 'நாளைக்கு வரும்'தான். 'இல்லை' காதில் விழுந்தால் லட்சுமி கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவாளாம். எங்கள் கடையின் கருவாட்டு வாசனையையே பொறுத்துக்கொள்கிறவள் ஒரு சொல்லுக்கா கிளம்பிவிடுவாள் என்று கேட்டேன். புது மருமகள் என்பதால் திட்டாமல் விட்டார்கள்.

என் வீட்டுக்காரர் இந்தச் சட்டத்தைக் கடையோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவருக்குக் கடை எது, வீடு எது என்ற வித்தியாசம் கிடையாது.

"ஒகேனக்கல் போயி மீன் வறுவல் சாப்பிட்டுட்டு வரலாங்களா?"

"நாளைக்குப் போலாம்."

எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வேன் பிடித்து வந்து அந்த அருவியைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பென்னாகரத்தில் பஸ் மாறினால் போய்விடலாம் என்கிற தூரத்தில் குடியிருக்கும் நான் மட்டும் கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவர் ஒரு நாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அதனால் சண்டை போடவும் வழியில்லை.

எங்கள் கடைக்கு எதிர் வரிசையில் நாலு வீடு தள்ளி ஒரு டீச்சர் இருக்கிறார். காலையில் பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போனால் சாயங்காலம்தான் வருவார். அவர் வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, வாரக் கடைசியில்தான் தலை தெரியும். மாதச் சாமான் முழுவதும் எங்களிடம்தான். டீச்சரே அங்கே வாங்குகிறார் என்று சொல்லித்தான் தெருவில் பாதிப் பேர் எங்களிடம் வந்தார்கள்.

ஒரு நாள் அந்த டீச்சர் வந்து, "அண்ணா, சியா இருக்குங்களா?" என்று கேட்டார்.

இவர் சீயக்காய்ப் பொட்டலத்தை எடுத்து வைத்தார்.

"இது இல்லீங்கண்ணா. தண்ணியில ஊறப்போட்டுக் குடிக்கறது. வயித்துக்கு நல்லதுன்னு தருமபுரி டாக்டரம்மா சொன்னாங்க."

இவர் பொட்டலத்தைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். குடிக்கிறதா என்று கேட்க மரியாதை இடம் கொடுக்கவில்லை. "நாளைக்கு வரும்" என்றார். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில், "டீச்சரம்மா சீயக்காய் குடிக்கறாங்களாம், பாவம்" என்று என்னிடம் சொன்னபோது எனக்குக் களி தொண்டையில் அடைத்துக்கொண்டது. அது சீயக்காய் இல்லை, சியா என்று ஒரு விதை என்று போனில் படம் காட்டினேன். "துளசி வெத மாதிரிதான் இருக்குது. இதுக்கு இவ்வளவு அமர்க்களமா" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். டீச்சர் ஒரு மாதம் போல வந்து வந்து கேட்டார். ஒவ்வொரு தடவையும் நாளைக்கு வந்துகொண்டேதான் இருந்தது. அப்புறம் கேட்பதை நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நாளில் மாதச் சாமானும் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் தெருவுக்குள் பார்சல் வண்டி வர ஆரம்பித்திருந்தது. முதலில் துணிமணி, செருப்பு என்று வந்தது. நமக்கென்ன என்று இருந்தோம். அப்புறம் சோப்பு வந்தது, குழந்தைக்குக் கட்டுகிற நாப்கின் வந்தது, ஒரு வீட்டுக்குத் துவரம் பருப்பே வந்தது. இதில் என் வயிறு எரிந்த காரியம் ஒன்று உண்டு. போனில் முகவரி போடும்போது அடையாளத்துக்கு என்று ஓர் இடம் கேட்கும். தெருவே அதில் எங்கள் கடைப் பெயரைப் போட்டிருந்தது. எங்களிடம் வாங்காமல் இருப்பதற்கும் நாங்கள்தான் வழிகாட்ட வேண்டியிருந்தது.

பார்சல்காரர் நடுத்தர வயது ஆள். ஹெல்மெட்டையும் கழற்ற மாட்டார், வண்டியையும் அணைக்க மாட்டார். கடை முன்னால் ஒரு காலை ஊன்றி, உறுமிக்கொண்டிருக்கும் வண்டிக்கு மேலே குரலை உயர்த்தி ஏதோ கேட்பார். இவர் ஏதோ சொல்வார். அவர் போனைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். நான் உள்ளே சாமான் கட்டிக்கொண்டிருப்பேன், வண்டிச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது.

பிறகு தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. பார்சல்கள் வராமல் திரும்பிப் போகின்றனவாம். டீச்சருடையது இரண்டு தடவை. அவருக்குப் பக்கத்து வீட்டு நாப்கின் ஒரு தடவை. நாப்கின் திரும்பிப் போனால் ஒரு வீடு என்ன பாடுபடும் என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். கடைக்காரர்தான் வேண்டுமென்று திருப்பி அனுப்புகிறார் என்று பேசிக்கொண்டார்கள். முன்பு பெருங்காயத்துக்குக்கூட எங்களிடம் வந்தவர்கள் கையில் பையோடு எங்கள் கடையைத் தாண்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார்கள். போனில் வாங்குகிறவர்கள் போனால்கூட மனசு ஆறும். நடந்து போய் வாங்குகிறவர்களும் போனதுதான் வலித்தது. மூன்று தலைமுறையாக எடையில் ஒரு குறை வராத கடைக்கு இப்படி ஒரு பெயர். இவர் ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார், சாப்பிட மாட்டார்.

ஒரு சனிக்கிழமை டீச்சரே வந்தார். பின்னால் நாப்கின் வீட்டுப் பெண்ணும் இன்னும் இரண்டு பேரும்.

"அண்ணா, நேராவே கேக்கறேங்க. கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். மளிகைக் கடையில நாளைக்கு வரச் சொன்னாங்கன்னு சொல்றாங்க. எம் பார்சலைத் திருப்பி அனுப்பறது நீங்கதானுங்களா?"

இதற்கு ஒரே ஒரு பதில்தான். எல்லோருக்கும் தெரிந்த மூன்றெழுத்துப் பதில். இவர் வாயைத் திறந்தார், மூடினார். தராசைப் பார்த்தார், மேலே மாட்டியிருந்த லட்சுமி படத்தைப் பார்த்தார். முகம் சிவந்துபோயிற்று. பார்க்கிறவர்களுக்குத் திருடன் முழிக்கிற மாதிரியே இருந்தது. நான் உள்ளேயிருந்து, "சொல்லித் தொலைங்க" என்று பல்லைக் கடித்தேன்.

இவர் சட்டென்று கல்லாவைச் சாத்தினார். வழியை மறிக்கிற பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தார். படியிறங்கினார். தெருவுக்கு வந்து, எங்கள் கடையின் நிழல்கூட மேலே விழாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, "இல்லீங்க டீச்சர்! சத்தியமா இல்லீங்க!" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பார்சல்காரர் வந்து சேர்ந்தார். தெருவில் கூட்டம் நின்றதால் அன்றைக்கு வண்டியை அணைத்துவிட்டார். ஊருக்கே கேட்கிற மாதிரி, "ண்ணா, டீச்சர் வூட்ல இருக்காங்களா, இல்ல இன்னிக்கும் நாளைக்குத்தானா?" என்றார்.

எனக்குத்தான் முதலில் உறைத்தது. தினமும் பகலில் இந்த ஆள் வந்து, வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார். டீச்சர் பள்ளிக்கூடத்தில். அவர் போன் பைக்குள். நாப்கின் வந்த அன்றைக்கு அந்த வீடும் பூட்டியிருந்தது. இவர் தராசுக்கு உள்பக்கம். இல்லை என்று சொல்ல முடியாது. "நாளைக்கு வாங்க" என்றிருக்கிறார். பார்சல்காரரும் நல்ல பிள்ளையாக, மளிகைக் கடையில் நாளைக்கு வரச் சொன்னார்கள் என்று போனில் தட்டியிருக்கிறார். மறுநாளும் பகலில் வந்திருக்கிறார். இரண்டு மூன்று நாள் இப்படி அலைந்ததும் பார்சல் தானாகத் திரும்பிப் போயிருக்கிறது.

நாப்கின் வீட்டுப் பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், அடக்க முடியவில்லை. டீச்சர் சிரிக்கவில்லை.

"வூட்ல இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னங்கண்ணா? அந்தச் சியாவும் இல்லைன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் தருமபுரியில வாங்கியிருப்பேன். உங்க பேச்சை நம்பித்தான் ஒரு மாசம் வந்து வந்து நின்னேன். நம்பினவங்களுக்குத்தான் கஷ்டமா?"

பார்சலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இவர் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தார். பழி விலகிவிட்டது, கேலிதான் மிச்சம் என்று நான் நினைத்தேன். அவருக்குக் கேலி ஒன்றும் வலிக்கவில்லை. 'நம்பினவங்க' என்று டீச்சர் சொன்னதுதான் வலித்தது. இரண்டு வாரம் டீச்சர் கடைப் பக்கம் திரும்பவேயில்லை. எதிர் ஓரமாகவே நடந்து போனார், வந்தார்.

அப்புறம் ஒரு மழை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போயிற்று. தெரு முழுக்க ஓடி வந்து மெழுகுவர்த்தி வாங்கிப் போனது. இந்த ஒரு விஷயத்தில் இன்னும் எந்தப் போனும் எங்களை முந்தவில்லை. எல்லாம் தீர்ந்த பிறகு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு டீச்சர் வந்து நின்றார்.

"மெழுகுவர்த்தி இருக்குங்களா?"

இவர் தராசுக்கு உள்பக்கம்தான் நின்றிருந்தார். லட்சுமி படம் தலைக்கு நேர் மேலே. நாளைக்கு என்ற சொல் வழக்கம்போல வரும் என்று கடைக்குப் பின்னால் அடுக்களையில் காத்திருந்தேன்.

"இல்லீங்க டீச்சர்."

சட்டத்தைப் பார்த்து இத்தனை வருஷம் சிரித்தவள் நான். ஆனாலும் அந்தச் சொல் கடைக்குள் கேட்டதும் எனக்குத்தான் திக்கென்றது. கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"கடையில இல்லீங்க" என்றார் இவர் மறுபடியும். "வூட்ல ஒண்ணு எரியுது. இருங்க, எடுத்துட்டு வரேன்."

நான் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்துக்குப் பக்கத்தில் நின்று எரிந்த மெழுகுவர்த்தியை அப்படியே பிடுங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். இருட்டில் விரலை அரிந்துகொள்ளாமல் இருந்தது என் சாமர்த்தியம். டீச்சர் அந்தச் சுடரைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"அண்ணா, நான் ஸ்கூலுக்குப் போயிருக்கறப்ப பார்சல் வந்தா நீங்களே வாங்கி வெச்சிருங்க" என்றார். "அப்புறம் அண்ணிகிட்ட மாசச் சாமான் சொல்றேன்."

அன்றிலிருந்து எங்கள் கடையில் சோப்பு அடுக்கிய அலமாரியில் பாதி, பார்சல் வைக்கிற இடமாகிவிட்டது. தெருவே எங்களிடம்தான் வாங்கி வைக்கச் சொல்கிறது. எடுக்க வருகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை, கடுகாவது வாங்குகிறார்கள். பார்சலை அமுக்கிப் பார்த்தே உள்ளே என்ன என்று சொல்கிற அளவுக்கு நானும் தேறிவிட்டேன். இவர்தான் அடையாளம் தெரியாமல் மாறிப்போனார். புதுச் செருப்புப் போட்டவர் மாதிரி, கிடைத்த இடத்திலெல்லாம் அந்தச் சொல்லைப் போட்டு நடந்து பார்த்தார். "கசகசாவா? இல்லை." "அவங்க வூட்ல இல்லை, இங்க குடு." இல்லை, இல்லை என்று கடையே முழங்கிற்று. லட்சுமியும் எங்கும் போகவில்லை.

இந்த நல்ல நேரத்தில் கேட்டுவிடுவோம் என்று கேட்டேன். "ஒகேனக்கல் போலாங்களா?"

"இல்லை. கடையை உட்டுட்டு வர முடியாது" என்றார், சுத்தமாக.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷனே மேல் என்று தோன்றியது. ரோஷத்தில் ஞாயிற்றுக்கிழமை நான் டீச்சரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பரிசலில் போனோம், கத்தினோம், எண்ணெய் சொட்டச் சொட்ட மீன் தின்றோம். இவருக்கென்று இரண்டு துண்டு பொட்டலம் கட்டச் சொன்னேன். அது ரோஷத்தில் சேராது.

பொழுது சாயத் திரும்பி வந்தால் கடை முன்னால் பார்சல்காரர். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். டீச்சருக்கென்று, கடைக்குத் தெரியாமல் சியா விதை அரைக் கிலோ என் பேரில் வரவழைத்திருந்தேன். அதைக் கொடுக்க, என் போனுக்கு வருகிற எண்ணைச் சொன்னால்தான் ஆகுமாம். அருவிப் பக்கம் என் போனுக்கு சிக்னல் எடுக்கவில்லை.

"யக்கா, காலையிலருந்து எத்தனை நடை! அண்ணனைக் கேட்டா, தோ வந்துருவா, தோ வந்துருவாங்கறாரு. மதியமும் அதே, இப்பவும் அதே. ஊருக்கெல்லாம் இல்லை இல்லைன்னு சொல்றவரு, இல்லைன்னு சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்ல?"

நான் இவரைப் பார்த்தேன். டீச்சரும் பார்த்தார். இவர் தராசுத் தட்டைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

"சாமான இல்லைன்னு சொல்லலாம்" என்றார் தலை நிமிராமல். "பொண்டாட்டிய எப்படிச் சொல்றது?"

மீன் பொட்டலத்தைப் பிரித்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆறிப்போயிருந்தது. நின்றுகொண்டே இரண்டு துண்டையும் சாப்பிட்டார்.