துத்திக் கிளையோடு ஒரு பொய்

துத்திப் பூ மதியத்துக்கு மேல்தான் விரியும். வகுப்பில் காட்ட, காத்திருந்து ஒரு கிளை பறித்துக்கொண்டு இன்று ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறினேன்.

பக்கத்து சீட் அக்கா மஞ்சள் பூவைப் பார்க்கவில்லை. மூலத்துக்கு மருந்தாகும் இலையைத்தான் பார்த்தார்.

"உங்களுக்கும் மூலமாங்க?" என்றார் மெதுவாக.

நான் தாவரவியல் டீச்சர் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "எனுக்கு ஆறு மாசமா ரத்தம் போவுதுங்க. வூட்ல யார்கிட்டயும் சொல்லல" என்றார்.

"ஆமாக்கா, எனக்கும்தான். டாக்டர்கிட்ட காட்டினேன், இப்ப பரவாயில்ல. நீங்களும் காட்டிடுங்க."

"திருப்பத்தூர்ல பொம்பள டாக்டர் இருக்காங்களா?"

"இருக்காங்கக்கா."

"அப்போ நாளைக்கே போய்ட்டு வர்றேன்" என்றவர் முகம் தெளிந்திருந்தது.

பின் சீட்டில் என் மாணவிகள் இருவர் உட்கார்ந்திருந்ததை இறங்கும்போதுதான் கவனித்தேன். நாளை துத்தியின் மருத்துவப் பயனை எந்த முகத்தோடு நடத்துவது, சொல்லுங்கள்!