மணிக்கட்டு வரை அரக்கு

என் மேசை இழுப்பறை நிறைய மன்னிப்புக் கடிதங்கள் இருக்கின்றன. நான் டீச்சராக இருக்கும் பள்ளியில் ஒழுக்கக் குழு என்று ஒன்றை அமைத்தபோது யாரும் முன்வரவில்லை. அன்று விடுப்பில் இருந்த பாவத்துக்கு அது என் தலையில் விழுந்தது. முடி வெட்டாமல் வந்தவன், செல்போனைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தவள், கழிவறைச் சுவரில் பெயர் எழுதியவன் என்று எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். தெரியாமல் செய்துவிட்டேன், இனிமேல் செய்ய மாட்டேன். தெரியாமல் எப்படி ஒருவன் புருவத்தில் கோடு இழுத்துக்கொள்வான் என்று ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கேட்பதில்லை. கேட்டால் ஏதாவது பதில் சொல்வார்கள், அதைக் கேட்கவும் உடம்பில் தெம்பு வேண்டும். வாங்கி, தேதி போட்டு, இழுப்பறையில் போட்டு மூடிவிடுகிறேன்.

போன வாரம் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். காட்டச் சொன்னேன். உள்ளங்கையில் வட்டமாக மருதாணி. மருதாணி கூடாது என்பது எங்கள் பள்ளியிலும் விதி. ஏன் கூடாது என்று நான் யாரையும் கேட்டதில்லை, என்னையும் இதுவரை யாரும் கேட்டதில்லை. நோட்டைத் திறந்தேன், அதற்கு மேல் கை ஓடவில்லை. போய் வகுப்பில் உட்கார் என்று அனுப்பிவிட்டேன்.

நான் ஏழாம் வகுப்புப் படித்தது காஞ்சிபுரத்தில், பெண்கள் மட்டும் படிக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளியில். பள்ளி டைரியின் முதல் இரண்டு பக்கமும் விதிகள். ரிப்பன் பச்சையாக இருக்க வேண்டும், வளையல் ஒன்றுக்கு மேல் கூடாது, பூ வைக்கலாம் ஆனால் தொங்கக் கூடாது, நகப்பூச்சும் மருதாணியும் கூடவே கூடாது. மீறினால் ஒழுங்கு நோட்டில் பெயர் ஏறும். முதல் முறை மன்னிப்புக் கடிதம். இரண்டாம் முறை நாள் முழுக்க வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். மூன்றாம் முறை டி.சி. இதைச் சும்மா பயமுறுத்தத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். அதற்கு முந்தின வருடம் எங்கள் தெருக்கோடி வீட்டு அக்காவுக்கு உண்மையாகவே கிழித்துக் கொடுத்தார்கள். அந்த அக்காவை அதன் பிறகு வேறு எந்தப் பள்ளியிலும் சேர்க்கவில்லை. எட்டாம் வகுப்போடு நிறுத்தி, தறி வீட்டில் ராட்டையில் நூல் ஏற்றித் தார் சுற்ற உட்கார வைத்துவிட்டார்கள். நான் பள்ளிக்குப் போகும்போதெல்லாம் ராட்டையைச் சுற்றியபடி என் பையையே பார்ப்பாள். அவள் பார்வைக்குப் பயந்து அந்த வீட்டை ஓடித்தான் கடப்பேன்.

என் பெயர் அதற்குள் இரண்டு முறை ஏறியிருந்தது. முதல் முறை ரிப்பன் தொலைந்ததற்கு. இரண்டாம் முறை தாமதமாக வந்ததற்கு. அன்று சாமி புறப்பாடு தெருவை அடைத்துக்கொண்டு நின்றது, குடையும் மேளமும் நகர்ந்தால்தானே நாம் நகர முடியும். சாமி குறுக்கே வந்துவிட்டது என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் சொல்லும் சாக்கு என்பதால், அது உண்மையாக இருந்த அன்றும் எடுபடவில்லை. அதே புறப்பாட்டில் மாட்டி என் பின்னால் வந்து சேர்ந்த கணக்கு டீச்சரை யாரும் வெளியே நிற்க வைக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் சித்தியின் கல்யாணம் வந்தது. பக்கத்துக் கிராமமான தாமலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் சாயங்காலமே போய்விட்டோம். வீட்டுப் பெண்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து மருதாணி வைத்துக்கொண்டார்கள். அம்மா என்னிடம் வேண்டாம் என்றார். நான் அழுதேன். கல்யாண வீட்டில் அழக்கூடாது என்று யாரோ அதட்ட, அம்மா அதற்கு மேல் தடுக்கவில்லை. உள்ளங்கையில் ஒரு பெரிய வட்டம், சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள், விரல் நுனிகளுக்குத் தொப்பி. ஞாயிறு முழுக்க அந்தக் கைகளை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தேன். ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போதுதான் மறுநாள் திங்கட்கிழமை என்பதும், திங்கட்கிழமைதோறும் பிரேயரில் பி.டி. டீச்சர் கை பார்ப்பார் என்பதும் உறைத்தது.

காலையில் சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மருதாணி இன்னும் நன்றாகச் சிவந்ததுதான் மிச்சம்.

அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை. அதில் செங்கல் அடுப்பின் மேல் நீளமான செப்புத் தொட்டி. முதலாளி வீட்டிலிருந்து வெள்ளை நூல் வரும், அப்பா கொதிக்கும் சாயத்தில் போட்டுக் கம்பால் புரட்டி எடுத்து, அலசிக் காயவைத்துக் கொடுப்பார். சனிக்கிழமை போட்ட அரக்குச் சாயத் தண்ணீரைக் கொட்டாமல் தொட்டியிலேயே விட்டிருந்தார். அடுத்த சாயத்துக்கு அதிலேயே சேர்த்துக்கொள்வது வழக்கம். பட்டில் ஒட்டும் சாயம் மனிதத் தோலிலும் ஒட்டும் என்பது சாயக்காரர் வீட்டில் பிறந்த குழந்தைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பா டீ குடிக்கப் போயிருந்தார். அம்மா கல்யாண அலுப்பில் தோசைக்கல்லின் முன்னால் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். நான் கொட்டகைக்குள் போய், இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை ஆறிய சாயத்தில் முக்கி, நூறு வரை எண்ணினேன்.

எடுத்துப் பார்த்தபோது வட்டமும் இல்லை, புள்ளியும் இல்லை. ஒரே அரக்கு. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். அம்மாவிடம் தொட்டிப் பக்கம் வழுக்கிக் கை விழுந்துவிட்டது என்றேன். திட்டக்கூடத் தெம்பில்லாமல் தட்டை நகர்த்திவிட்டுப் போனார்.

பிரேயரில் பி.டி. டீச்சர் என் கைகளைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனார். அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"அப்பாவுக்குச் சாயம் போடக் கூடமாட இருந்தேன் டீச்சர். கழுவினா போவல."

பி.டி. டீச்சர் அந்த வருடம்தான் வேறு ஊரிலிருந்து மாற்றலில் வந்திருந்தார். அவருடைய கண்கள் கலங்கிவிட்டன. நோட்டில் பெயர் எழுதவில்லை. என்னை வரிசையிலிருந்து தனியே கூப்பிட்டுத் தலையைத் தடவி, சாப்பிட்டாயா என்று கேட்டார். தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். மத்தியானம் எச்.எம். என்னைக் கூப்பிட்டு, நாளைக்கு அப்பாவை அழைத்துக்கொண்டு வா என்றார்.

அப்பா அன்று நூல் கொடுக்கப் போய்விட்டு இருட்டிய பிறகுதான் வந்தார். எச்.எம். கூப்பிடுகிறார் என்று மட்டும் கதவோரம் நின்று சொன்னேன். எதற்கு என்று கேட்டார். தெரியாது என்றேன். சரி என்றார். மறுநாள் வெளுத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு என்னோடு நடந்து வந்தார். வழி முழுக்க நான் பையைக் கட்டிப்பிடித்துக் கைகளை அதன் அடியில் ஒளித்துக்கொண்டே நடந்தேன். இதிலும் எனக்குச் சாமர்த்தியம் இருப்பதாகத்தான் எண்ணம்.

எச்.எம். பொல்லாதவர் இல்லை. சலித்துப்போனவர். மேசை மேல் ஒழுங்கு நோட்டும் அதன் பக்கத்தில் அரசாங்கத் தாள் ஒன்றும் இருந்தன. படிக்கிற பிள்ளைகளை யாராவது வேலை வாங்குவது தெரிந்தால் உடனே மேலே எழுத வேண்டும் என்று அந்தத் தாளில் இருக்கிறது, எழுதாவிட்டால் தன்னைக் கேட்பார்கள் என்று சொன்னார். பிறகு என்னைக் கையை நீட்டச் சொன்னார்.

அப்பா அப்போதுதான் என் கைகளைப் பார்த்தார்.

"பொண்ணு உங்களுக்குச் சாயம் போடக் கூட நிக்குதுன்னு சொல்லுது. அது நெஜம்னா நான் மேல எழுதணும், ஆபீசருங்க உங்க வீட்டுக்கு வருவாங்க. பொய்னா சொல்லிடுங்க. இந்த நோட்டுல இது மூணாவது. டி.சி. குடுத்துட்டு நான் என் வேலையைப் பாக்கறேன்."

அப்பா என் வலது கையைத் தூக்கிப் பிடித்தார். மணிக்கட்டில் சாயம் கோடு போட்டது போல நேராக நின்றிருந்தது. அதற்கு மேல் ஒரு சொட்டுக்கூட இல்லை. அவருடைய கையில் முழங்கை வரை எத்தனையோ நிறங்களில் தெறித்த பொட்டுகள், நகக்கண்களில் போகாத கறுப்பு. இரண்டு கைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா உண்மையைச் சொல்லிவிடுவார், நாளையிலிருந்து நானும் அந்த அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றுவேன் என்று நினைத்தேன்.

"நெஜந்தாம்மா," என்றார் அப்பா. "ஒத்த ஆளு, முடியல. நான்தான் கூப்ட்டேன். இனிமே கூப்பிட மாட்டேன்."

எச்.எம். அரசாங்கத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டார். அப்பா தலையாட்டினார். பிறகு எச்.எம். சொல்லச் சொல்ல அப்பா ஒரு தாளில் எழுதினார். அப்பாவுக்கு எழுத்து வேகமாக வராது. என் மகளை வேலையில் ஈடுபடுத்தியது தவறு, இனி அவ்வாறு செய்ய மாட்டேன். என் அப்பா மன்னிப்புக் கடிதம் எழுதுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு வந்தது வெட்கம் இல்லை, நிம்மதி. நான் எழுத வேண்டியதை அவர் எழுதுகிறார், அவ்வளவுதான் என்று இருந்தது.

அப்பா ஏமாந்துவிட்டார் என்றே முதலில் நினைத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் என்றைக்காவது நூல் பிடிக்க என்னைக் கூப்பிட்டிருப்பார், அதைச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார் போலும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் அப்பா தேங்காயெண்ணெயும் எலுமிச்சையும் எடுத்துக்கொண்டு கொட்டகை வாசலில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். என் கைகளை மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகத் தேய்த்தார். அரக்கு மெல்ல மெல்லக் கழன்று ரோஸானது. அடியிலிருந்து வட்டம் வெளியே வந்தது. பிறகு புள்ளிகள். பிறகு விரல் நுனித் தொப்பிகள்.

"மருதாணி நல்லா செவந்திருக்குதும்மா," என்றார் அப்பா.

உள்ளே அம்மாதான் பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்துக்கொண்டிருந்தார். கேஸு கீஸுன்னு வந்தா முதலாளி இந்தப் பக்கம் நூல் அனுப்புவாரா, அது தெரியாமலா கையெழுத்துப் போட்டுட்டு வந்த, என்று உள்ளேயிருந்தே கேட்டார். அப்பா என் சுண்டுவிரலைத் தேய்த்தபடி, "தெரியும்," என்றார். மருதாணி மங்கும் வரை நான் கையில் கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். சாயம் சுட்டுவிட்டது என்று நினைத்து பி.டி. டீச்சர் அவிழ்க்கவே சொல்லவில்லை.

அந்த வாரமே இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். கொட்டகையையும் தொட்டியையும் போட்டோ எடுத்தார்கள், அப்பாவை அடுப்புப் பக்கத்தில் நிற்க வைத்து ஒன்று எடுத்தார்கள். என்னைக் கேட்டபோது அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். வழக்கு எதுவும் போடவில்லை, எச்சரித்துவிட்டுப் போனார்கள். ஆனால் மறுநாளே முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்து, சாயம் போடாமல் மிச்சமிருந்த நூலையெல்லாம் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நாள் போகட்டும் என்று முதலாளி சொல்லச் சொன்னாராம். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

அப்பா முசரவாக்கம் பக்கம் ஒரு பெரிய சாயப்பட்டறைக்குக் கூலி ஆளாகப் போகத் தொடங்கினார். காலையில் நான் எழுவதற்கு முன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வந்ததும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார், சாப்பிட எழுப்ப வேண்டியிருக்கும். முதலாளி கெட்டவர் என்று நான் பள்ளியில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பெயர் அதன் பிறகு எந்த நோட்டிலும் ஏறவில்லை. தெருக்கோடி அக்காவின் வீட்டை ஓடாமல், நடந்தே கடந்தேன்.

செப்புத் தொட்டியை வாங்க வந்தவர் விலை படியாமல் போய்விட்டார். அப்பா அதை அடுப்பிலிருந்து இறக்கிக் கொட்டகை நடுவில் கவிழ்த்துப் போட்டார். அதன் அடிப்பக்கம் தட்டையாக, நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் சரியாக என் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. அதன் மேல் ஒரு பழைய போர்வையை விரித்து, புத்தகங்களை அடுக்கி, பேனாவுக்கு ஒரு டப்பாவும் வைத்தேன். அது வரை தரையில் குப்புறப் படுத்துத்தான் வீட்டுப்பாடம் எழுதுவேன். எங்கள் வகுப்பிலேயே படிக்கத் தனி இடமும் சொந்தமாக ஒரு மேசையும் இருப்பது எனக்கு மட்டும்தான் என்று தோழிகளை ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்து காட்டினேன். எங்கப்பா எனக்காகவே செய்து கொடுத்தது என்று பெருமையாகச் சொன்னேன்.