பாலுவின் உள்ளுணர்வு

காஷிஃபுக்கு அவசரப்படுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. தி.நகரில், துணிக்கடைக் கூட்டம் பிதுங்கும் தெருவிலிருந்து ஒரு சந்து தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு இது பெரிய தொந்தரவு. பலகையில் மூன்றாவது வரி எழுத்துகூடத் தெரியாதவர், "சீக்கிரம் போடு பாய், பஸ் போயிடும்" என்பார். கண்ணே தெரியலை, பஸ் மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்காமல் லென்ஸை மாற்றிப் போடுவான்.

யாரும் அவசரப்படுத்தாத இடம் அவனுக்கு ஒன்று இருந்தது. கல்லூரி நாளிலிருந்தே அவன் ஆடுவதெல்லாம் முறை வைத்து ஆடும் கணினி விளையாட்டுகள். நம் படையை நாம் நகர்த்த வேண்டும். நகர்த்தி முடித்து, போதும் என்று பொத்தானை அழுத்தினால்தான் எதிரி அசைவான், அதோடு ஒரு முறை முடியும். சாப்பிட்டுவிட்டு வா, தொழுதுவிட்டு வா, எதிரி ஓங்கிய கத்தியோடு அப்படியே நிற்பான். இவ்வளவு மரியாதை தெரிந்த ஆள் சென்னையில் வேறு எங்கே இருக்கிறான்? இப்போது போனில் வரும் விளையாட்டுகளைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், காஷிஃபின் முகம் கெட்டுப்போன பாலை முகர்ந்ததுபோல் ஆகிவிடும். அதில் 'ஆட்டோ' என்று ஒரு பொத்தான் இருக்கிறதாம், அழுத்தினால் சண்டையை அதுவே போட்டுக்கொள்ளுமாம். "அப்போ நீ இன்னாத்துக்கு? ஃபேனைப் போட்டு பாத்துக்கினு இரேன்" என்பான்.

அவன் பதினான்கு வருடமாக ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தின் பெயர் 'ஏழு கோட்டை'. தனியாக அல்ல. இரண்டாயிரத்துப் பதினொன்றில், இந்த விளையாட்டுகளின் மேல் பைத்தியம் பிடித்த சென்னைக்காரர்கள் பன்னிரண்டு பேர் இணையத்தில் சேர்ந்து, ஒரே படை, ஒரே ஆட்டம் என்று ஆரம்பித்தார்கள். ஒருவர் பத்து முறை ஆட வேண்டும். பிறகு ஆட்டத்தை நிறுத்திய இடத்தில் சேமித்த ஃபைலை அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும், கூடவே என்ன நடந்தது என்று ஒரு கடிதம். ஒன்பது பேர் கல்யாணம், அமெரிக்கா, அலுப்பு என்று ஒதுங்கிக்கொள்ள, மிஞ்சியது மூன்று பேர். காஷிஃப், மயிலாப்பூரில் கணக்கு வாத்தியாராக இருக்கும் பாலு, சைதாப்பேட்டையில் ஒரு வக்கீலிடம் தட்டச்சு செய்யும் அன்புக்கரசி.

ஒரே ஒரு சட்டம்தான் அவர்களுக்கு. நடந்தது நடந்ததுதான். தப்பாக நகர்த்திவிட்டு, ஐயோ என்று பழைய ஃபைலைத் திறந்து மறுபடி ஆடக் கூடாது. நம் ஆள் செத்தால் செத்தவன்தான். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவன் காஷிஃப். சாவு இல்லாத ஆட்டத்தில் உயிரோடு இருப்பதற்கு மட்டும் என்ன மதிப்பு என்பது அவன் கட்சி. மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

பாலுவின் கையில் ஒருவரும் சாகவில்லை. அதுதான் அதிசயம். பதினான்கு வருடத்தில் அன்புக்கரசி பதினோரு பேரைத் தொலைத்தாள், காஷிஃப் ஒன்பது பேரை. பாலுவின் முறையில் ஒரு கோவேறு கழுதைகூடச் செத்ததில்லை. அவன் எழுதும் கடிதங்களைக் காஷிஃப் கடையில் உட்கார்ந்து இரண்டு மூன்று தடவை படிப்பான். 'பாலத்தில் ஏறும் முன் ஏதோ சரியில்லை என்று உள்ளுணர்வு சொல்லிற்று. படையை நிறுத்தினேன். அடுத்த முறையே பாலத்தின் அடியிலிருந்து எதிரிகள் கிளம்பினார்கள்.' காஷிஃபுக்கு மயிர்க்கூச்செறியும். மனைவி ஆஃப்ரீனைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுவான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா எழுதறாரு. கரண்ட் பில் கட்னீங்களா?" என்பாள்.

படையிலேயே காஷிஃபுக்கு உயிர் ஒரு வில்லாளிதான். பெயர் வைத்தவனும் அவனே: கெங்கம்மா. நிஜ கெங்கம்மா சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்பவள். பத்தடி தூரத்திலிருந்தே எந்த மீன் நேற்றையது என்று சொல்லிவிடுவாள். கண்ணாடிக் கடைக்காரனுக்கு அந்தக் கண்ணின் மேல் தனி மரியாதை.

இரண்டாயிரத்துப் பதினேழில், ஆறாவது கோட்டைக்குக் கீழே ஒரு சரிவில், காஷிஃபின் முதல் முறையிலேயே கெங்கம்மா செத்துப்போனாள். பாலு ஃபைலை அனுப்பியபோது அவள் சரிவின் நடுவில் நின்றிருந்தாள். காஷிஃப் அரை மணி நேரம் யோசித்து அவளை மேட்டுக்கு ஏற்றினான். மேட்டில் குதிரைப்படை காத்திருந்தது. அன்று சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, "கெங்கம்மா பூட்டா" என்றான். "இன்னாங்க சொல்றீங்க, காலைலதானே வஞ்சிரம் வாங்கியாந்தேன்!" என்று ஆஃப்ரீன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். விஷயம் புரிந்ததும் அவள் திட்டிய திட்டைக் காஷிஃப் காதில் வாங்கவில்லை. ஒரு வாரம் அவன் மார்க்கெட் பக்கமே போகவில்லை. போனபோது, "இன்னா பாய், ஆளையே காணோம்? வேற எவகிட்ட வாங்கிக்கினு கீற?" என்று மீன்காரி அதட்டினாள். அவள் முகத்தை அவனால் நேராகப் பார்க்க முடியவில்லை.

அவளைக் கொன்றது தன் அவசரம்தான் என்று காஷிஃப் முடிவு கட்டிக்கொண்டான். அரை மணி நேரம் போதாது, ஒரு நாள் யோசித்திருக்க வேண்டும். அவர்கள் மாதம் ஒரு ஞாயிறு காலை ஆழ்வார்பேட்டையில் ஒரு டிபன் கடையில் கூடுவது வழக்கம். அந்த மாதம் அங்கே பாலுவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். எப்போதோ சீட்டுக் குலுக்கி, ஏழாவது கோட்டை காஷிஃபுக்கு என்று முடிவாகியிருந்தது. அதையும் அங்கேயே பாலுவுக்கு விட்டுக்கொடுத்தான். "என் கை ஆவாது மச்சி. கடைசி கோட்டைய நீயே ஆடு." பாலு அவன் தோளைத் தட்டி, "பரவால்லடா, எல்லாருக்கும் தவறும்" என்றான். எவ்வளவு பெரிய மனசு என்று காஷிஃப் அன்று கண் கலங்கினான். அதன் பிறகு எட்டு வருடம், தன் பத்து முறைகளை ஒவ்வொன்றாகப் பாலுவிடம் யோசனை கேட்டே ஆடினான். ஆடுவதில் இருந்த சுகம் பாதி போய்விட்டது. தான் மட்டமான கை என்ற நினைப்பு, பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த வருடம் ஆடி மாதம் பாலு புதுக் கணினி வாங்கினான், பழையதில் இருந்த ஃபைல்களை எல்லாம் இணையத்தில் ஏற்றி வைத்தான். ஏழாவது கோட்டையின் வாசலுக்குப் படை வந்து சேர்ந்திருந்த நேரம். ஆட்ட நிலவரத்தைப் பார்க்க ஒரு ஃபைலை அனுப்பு என்று காஷிஃப் கேட்க, பாலு அனுப்பிய இணைப்பில் ஒரு ஃபைல் மட்டும் இல்லை. மொத்த ஃபோல்டரும் இருந்தது. கடையில் மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் காஷிஃப் அதைத் திறந்தான்.

உள்ளே ஆயிரத்துச் சொச்சம் ஃபைல்கள். கணக்கு வாத்தியார் அல்லவா, எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பெயர் வைத்திருந்தான். 'பாலம் - முயற்சி 1', 'பாலம் - முயற்சி 2', அப்படியே பதினேழு வரை. முதல் முயற்சியைத் திறந்து பார்த்தால் பாலத்தில் பாதிப் படை செத்துக் கிடந்தது. பதினேழாவதில் எல்லோரும் உயிரோடு, பாலத்துக்கு முன்னாலேயே சமர்த்தாக நின்றிருந்தார்கள். உள்ளுணர்வாம். பதினாறு தடவை செத்துப் பார்த்துவிட்டு வந்த உள்ளுணர்வு! அந்தக் கடிதத்தை வாய்விட்டுப் படித்தோமே, பெண்டாட்டியை உட்காரவைத்துப் படித்துக் காட்டினோமே என்று நினைக்க நினைக்க, காஷிஃபுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மூடிவிடலாம் என்றுதான் நினைத்தான். அப்போதுதான் இன்னொரு வரிசை கண்ணில் பட்டது. 'கெங்கம்மா சரிவு - முயற்சி 1.' அது முப்பத்தொன்று வரை போயிற்று.

அந்த முப்பத்தொரு ஃபைல்களையும் அவன் மூன்று நாள் மத்தியானங்களில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். தேதி எல்லாம் அந்த வருடத்துடையது, அவள் செத்த அதே வாரம். பாலு, காஷிஃபுக்கு அனுப்பிய இடத்திலிருந்து தானே ஆடிப் பார்த்திருக்கிறான். மேட்டில் ஏற்றியிருக்கிறான், கீழே இறக்கியிருக்கிறான், பாறைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறான், ஓடச் சொல்லியிருக்கிறான். ஒரு தடவை படையின் பாதியைப் பலி கொடுத்துக்கூடப் பார்த்திருக்கிறான். முப்பத்தொன்றிலும் கெங்கம்மா செத்துக் கிடந்தாள். காஷிஃபின் கைக்கு வரும் முன்பே அவள் தப்ப வழியில்லை. அவளைச் சரிவின் நடுவில் கொண்டுபோய்த் தனியாக விட்டது பாலுவின் பத்தாவது முறை. அது பாலுவுக்கு அந்த வாரமே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆழ்வார்பேட்டைக் கடையில் மூவரும் உட்கார்ந்தார்கள். பாலு வடையைச் சாம்பாரில் அமுக்கி, ஊறியதும் விரல்களால் பிசைந்து அள்ளினான். பதினான்கு வருடமாகப் பார்த்த காட்சிதான். இன்று காஷிஃப் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உன் ஃபோல்டர் பூராவும் பாத்துட்டேன்டா" என்றான்.

பாலுவின் கை ஒரு நொடி நின்றது. "அடடா, அதை அழிச்சுடணும்னு நெனச்சுண்டே இருந்தேன்."

"வெக்கமா இல்ல?"

"ஒரு கேமுக்குப் போய் என்னடா வெக்கம்? ஊர்ல எல்லாரும் பண்றதுதான். வாழ்க்கையிலதான் பின்னாடி போக முடியல, இதுலயாவது போலாமேன்னு..."

"தத்துவம் வேறயா? சாம்பார தொடச்சிக்கினு பேசு."

அன்புக்கரசி டம்ளரைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னாள். "அண்ணே, நானும் ரெண்டு தபா அப்டி பண்ணிக்கீறேன். புள்ளைக்கு ஜொரம், தூக்கக் கலக்கத்துல குதிரைய கொண்டுபோயி தண்ணில எறக்கிட்டேன். மனசு கேக்கல."

ஆக, பதினான்கு வருடமாகச் சட்டத்தைச் சட்டமாக வைத்திருந்தது ஒரே ஒரு முட்டாள். அன்புக்கரசியாவது தலையைக் குனிந்துகொண்டாள். அவளை மன்னித்துவிட முடியும் என்று காஷிஃபுக்குத் தோன்றியது. அவன் பாலுவின் பக்கம் திரும்பினான்.

"கெங்கம்மா சேதி இன்னா?"

பாலு வடைத் தட்டை ஓரமாக நகர்த்தினான்.

"முப்பத்தொரு தபா ஆடிக்கீற. எதுலயும் அவ பொழைக்கல. நீ என் கைல குடுக்கும்போதே அவ செத்தாச்சு. உனுக்குத் தெரியும்."

"தெரியும்" என்றான் பாலு.

"இதே டேபிள்ல உன் கையப் புடிச்சு மன்னிப்பு கேட்டேன். கடைசி கோட்டைய எடுத்து குடுத்தேன். எல்லாருக்கும் தவறும்னு சொல்லி வாங்கிக்கினியே, எப்டிடா வாய் வந்துச்சு?"

"சொல்லியிருந்தா, நான் எத்தனை தடவை ஆடிப் பாத்தேன்னு நோக்குத் தெரிஞ்சுடுமேடா." பாலு உண்மையாகவே வருத்தத்தோடுதான் சொன்னான். "நேக்கும் கஷ்டமாத்தான் இருந்துது."

அந்த வருத்தம்தான் காஷிஃபுக்கு எல்லாவற்றையும்விட அசிங்கமாகப் பட்டது. ஏமாற்றுகிறவன் சிரித்துக்கொண்டே ஏமாற்றினால்கூடத் தாங்கலாம். இவன் எட்டு வருடம் வருத்தப்பட்டுக்கொண்டே, மாதாமாதம் எதிரில் உட்கார்ந்து வடை தின்றிருக்கிறான். காஷிஃப் எழுந்தான். "ஏழாவது கோட்டை என்னுது. இன்னிக்கே ஃபைலை அனுப்பு."

"தாராளமா ஆடு" என்றான் பாலு, கையைத் துடைத்துக்கொண்டே.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடித்து வந்து, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் காஷிஃப் உட்கார்ந்தான். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. எட்டு வருடத்துக்குப் பிறகு ஒவ்வொரு ஆளையும் தானாகவே யோசித்து நகர்த்தினான். முதல் மூன்று முறை நன்றாகவே போயிற்று. வடக்குச் சுவர் இடிந்தது. அவனுக்கு உற்சாகத்தில் வியர்த்துவிட்டது. கிழக்கு வாசலை ஒரேயடியாகப் பிடித்துவிடலாம் என்று, மேற்கில் காவலுக்கு இரண்டே பேரை விட்டுவிட்டு எல்லோரையும் கிழக்கே குவித்தான். ஆறாவது முறையில் மேற்கு வாசல் திறந்து எதிரிப் படை வெளியே வந்தது. எட்டாவதில் தளபதி விழுந்தான். ஒன்பதாவதில் திரை கறுத்து, படை அழிந்தது என்று இரண்டே சொல்லில் சேதி வந்தது.

கீழே பழைய ஃபைலைத் திறக்கும் பொத்தான் இருந்தது. காஷிஃபின் விரல் அதன் மேல் போய் நின்றது. மேற்கில் நாலு பேரை வைத்தால் போதும், ஜெயித்துவிடலாம் என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. பதினான்கு வருடம். பாலுவின் ஆயிரம் ஃபைல்களில் ஒவ்வொன்றும் இப்படித்தான் பிறந்திருக்கும் என்று அப்போது புரிந்தது. தனக்கும் அதற்கே நாக்கு ஊறுகிறது என்பது அவனுக்குக் கசந்தது. விரலை எடுத்துக்கொண்டான்.

கடிதத்தை இருவருக்கும் எழுதினான். 'மேற்கு வாசலில் இரண்டு பேரைத்தான் வைத்தேன். அவசரப்பட்டேன். இது என் தப்பு. தோற்றுவிட்டோம், ஆட்டம் முடிந்தது.' அதை ஒரு தடவை படித்துப் பார்த்தான். இந்தத் தப்பு தன்னுடையது மட்டும்தான், வேறு ஒருவருடையதும் இல்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தான், வரவில்லை. பசித்தது.

அன்புக்கரசி, "நல்லா ஆடினீங்கண்ணே" என்று ஒரு வரி அனுப்பினாள். அரை மணி நேரத்தில், அவன் ஷட்டரை முழுக்க இறக்கும்போது, பாலுவின் செய்தி வந்தது.

'கவலைப்படாதேடா. நீ ஆடறதுக்கு முந்தின ஃபைல் எங்கிட்ட பத்திரமா இருக்கு. மேற்குல நாலு பேரை வெச்சு ஆடினேன், ஜெயிச்சாச்சு. உன் பேர்லயே போட்டுடலாம், அனுப்பட்டுமா?'

காஷிஃப் அதை இரண்டு தடவை படித்தான். பிறகு, 'நீயே வச்சுக்கோ' என்று பதில் போட்டுவிட்டு, சாப்பிடப் போனான்.