பன்னிரண்டு சொற்களில் ஒரு லோரி

கிரிப்டோ மன்றத்தில் மாடரேட்டர் வேலை என்பது சம்பளமில்லாமல் திட்டு வாங்குகிற வேலை. நான் பிரிக்பீல்ட்ஸில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கை ஓய்ந்த நேரமெல்லாம் இணையத்தில் ஒரு தமிழ் மன்றத்தின் தொழில்நுட்பக் கேள்விகளைக் கட்டி மேய்க்கிறேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மினாக மாட்டிக்கொண்டவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். இப்போது அங்கே வரும் பதில்களில் பாதியை மனிதர்கள் எழுதுவதில்லை. சாட்போட்டிடம் கேட்டு, வந்ததை அப்படியே ஒட்டிவிட்டுப் போகிறார்கள்.

இல்லாத பட்டன்

அனுப்பிய காயின் போய்ச் சேரவில்லை என்று தெலுக் பங்லிமா காராங் ஊரிலுள்ள தொழிற்சாலை ஊழியர் ஒருவர் கேட்டிருந்தார். ஜெஞ்சாரோமிலிருந்து எழுதும் குணா என்பவர் ஏழு படிகளில் பதில் போட்டார். மூன்றாவது படி, மேல் மூலையில் இருக்கும் ‘மீட்பு’ பட்டனை அழுத்த வேண்டும். அவர் காயின் வைத்திருந்த ஆப்பில் அப்படி ஒரு பட்டனே கிடையாது. பாவம், அந்த மனிதர் சாப்பாட்டு நேரம் முழுக்க அதைத் தேடியிருக்கிறார். குணாவுக்குப் போன் போட்டு, அந்தப் பட்டனைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

“நான் எங்க பார்த்தேன் பாஸ்? ஆனா பதில் நீட்டா இருந்துச்சு லா.”

நானும் ரோபோதான்

சரி, நாமாவது பொறுப்பாக எழுதுவோம் என்று வணக்கம் சொல்லி, ஒற்றுப்பிழைகூட இல்லாமல் பதில்கள் எழுத ஆரம்பித்தேன். இரண்டாம் நாளே மன்றத்தில் ஒருவர் என் மேல் புகார் எழுதினார்.

“நம்ம ஊர்ல யாரு அண்ணே இவ்ளோ சுத்தமா தமிழ் எழுதுறா? இது கண்டிப்பா ரோபோ.”

காலையில் பார்த்தது

கிரிப்டோ கணக்குக்குச் சாவி பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். போனில் ஆப் அழிந்தாலும் சொற்கள் இருந்தால் மீட்டுவிடலாம். இரண்டும் போனால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

காப்பார் ஊரிலிருந்து மன்றத்துக்கு வரும் சரோஜா அக்காவின் கணவர் லோரி ஓட்டியவர். மகளின் நர்ஸிங் படிப்புக்கென்று காயினில் சேமித்துவிட்டு, மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். பன்னிரண்டு சொற்களையும் ஒரு காலண்டர் தாளில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். அவருடைய பழைய போனில் ஆப் நன்றாகத்தான் திறந்தது. தன் போனுக்கு மாற்ற வேண்டும், தமிழில் இருக்கிறதே, என்ன செய்வது என்று அக்கா மன்றத்தில் கேட்டார். குணா ஒட்டிய பதில் சொன்னது: தமிழும் ஏற்கப்படும், பழைய போனில் ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போட்டு, மொழியில் தமிழைத் தேர்ந்தெடுங்கள்.

அது தப்பு என்று காலையிலேயே பார்த்தேன். கடையில் ஆட்கள் நின்றார்கள். அப்புறம் எழுதலாம் என்று விட்டுவிட்டேன். மூன்று மணிக்கு எச்சரிக்கை போட்டபோது அக்காவின் பதில் அதற்கு முன்பே வந்து கிடந்தது.

“அழிச்சிட்டேன் அண்ணே. மொழி லிஸ்ட்ல தமிழே இல்லையே?”

லோரி

மறுநாள் கிள்ளானில் ரயிலேறி, அக்கா கடைக்கே வந்துவிட்டார். தாளை மேசையில் விரித்தோம். ‘கோட்’ என்றால் ஆடா, ரகசியக் குறியா? ஆங்கிலத்தில் வேறு வேறு சொற்கள், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் குறித்துக்கொண்டேன். ஆறாவது சொல் ‘லோரி’. சாவிச் சொற்களுக்கென்று இருக்கும் பொதுப் பட்டியலில் லோரியே கிடையாது. நான் முழித்தேன். அக்கா சட்டென்று சிரித்தார். ஆங்கிலத்தில் ‘டிரக்’ என்று வந்ததைத்தான் மனிதர் தன் வண்டியாக எழுதி வைத்திருக்கிறார். பட்டியலில் பார்த்தேன், டிரக் இருந்தது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்புறம் தாளின் மடிப்பைப் பிரித்தோம். கடைசி வரி முழுக்க கிரீஸ் கறை. நான்கு சொற்கள் அடியோடு போயிருந்தன. ஒன்று என்றால் என் கணினியே தேடிப் பிடித்துவிடும். நான்கு என்றால் அதன் ஆயுள் போதாது. பழைய ஆப் மட்டும் இருந்திருந்தால், உள்ளே போய்ப் பன்னிரண்டையும் அப்படியே பார்த்து எழுதியிருக்கலாம். அதையும் அக்காவிடம் சொன்னேன். அவர் லோரி என்ற சொல்லையே தடவிக்கொண்டிருந்தார்.

“அவரு வாயில டிரக்னு வந்ததே இல்லண்ணே.”

மன்னிப்பு

ஒரு வாரம் கழித்து அக்கா நடந்ததை மன்றத்தில் எழுதினார். கீழே குணாவின் பெயரில் ஒரு பதில் வந்தது: “உங்கள் இழப்புக்கு ஆழ்ந்து வருந்துகிறேன். தவறு முழுவதும் என்னுடையது.” படித்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அக்காவுக்குப் போன் போட்டேன். முதல் பதில் தப்பு என்று காலையிலேயே எனக்குத் தெரியும், இந்த மன்னிப்பும் அதே மெஷின் எழுதியதுதான், நம்பாதீர்கள் என்று படபடவென்று சொன்னேன். அக்கா முழுதாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“மெஷினோ என்னவோ, அதாச்சும் ஸோரி கேட்டுச்சு அண்ணே. நீங்க கேட்கவே இல்லையே.”

போலிப் பதில்களை அழிப்பதுதான் என் வேலை என்றாலும், இந்த விஷயத்தில் மன்னிப்புக் கேட்ட ஒரே பதில் அதுதான் என்பதால், அதை மட்டும் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.