எட்டு மாதச் சூடு

கழிவறைக்குப் போவதென்றாலே செல்லக்கண்ணுவுக்குப் பயம். பூன் லே வட்டாரத்திலிருந்த அவர் வீட்டில் கதவைச் சாத்தியதும் முகமது யூசுப் பக்கத்தில் வந்து நிற்பான். யூசுப் செத்து மூன்று வருடமாகிறது.

இருவரும் கப்பல் பட்டறையில் இருபத்தாறு வருடம் ஒரே சாரத்தில் நின்று பெயின்ட் அடித்தவர்கள். ஒருநாள் யூசுப் தனியே கூப்பிட்டான்.

"கண்ணு அண்ணே, யூரின்ல ரத்தமா போவுது. வலியே இல்ல."

செல்லக்கண்ணுவுக்கு ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்லும் வாய். "சூடுப்பா! வெயில்ல நிக்கிறோம்ல? பார்லி குடி, எண்ணெய் தேச்சுக் குளி. இதுக்குப் போய் டாக்டர்கிட்ட ஓடுவியா?" என்றார்.

மூன்றாம் நாள் ரத்தம் நின்றுவிட்டது. அந்தப் பாழாய்ப்போன நோயின் சூதே அதுதான், தானாக நின்று ஆளை ஏமாற்றும். செல்லக்கண்ணு தன் கைராசியைப் பற்றி கான்டீன் முழுக்கப் பீற்றிக்கொண்டார். எட்டு மாதம் கழித்து மறுபடி ரத்தம் வந்தபோது புற்று சிறுநீர்ப்பைச் சதையைத் தாண்டியிருந்தது.

இப்போது இவருக்கும் அதே இடத்தில் புற்று. பெண்டாட்டி இல்லாத மனுஷன், தனியாக என்ன செய்வார் என்று யூசுப்பின் மனைவி சம்சுன்னிசாதான் தொலைவிலுள்ள ஜாலான் புசாரிலிருந்து வந்து ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்குத் துணை போவாள். அந்த நல்ல மனசுதான் அவரை நோயைவிட அதிகமாக அரித்தது.

இந்த முறை அவள் யூசுப்பின் பழைய ஃபைலையும் கொண்டுவந்திருந்தாள்.

"ஒரே இடத்துல வந்தாலும் எல்லாம் ஒரே கேன்சர் இல்ல அங்கிள்," என்றார் டாக்டர் பவித்ரா. "ஜீன் டெஸ்ட் பண்ணிப் பார்த்தா பல வகை இருக்கு. உங்களுது மெதுவா வளர்ற டைப். உடம்போட எதிர்ப்பு செல்லுங்க அதுக்குள்ள அவ்வளவா போகல. திரும்பத் திரும்ப வரலாம். வரும்போது சுரண்டி எடுத்துடலாம்."

"இவங்க வீட்டுக்காரருக்கு?" என்று செல்லக்கண்ணு கேட்டார். எந்த டாக்டராலும் காப்பாற்ற முடியாத வகை என்று சொல்லிவிடு தாயே என்று உள்ளுக்குள் கெஞ்சினார்.

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். "ரொம்ப வேகமான டைப். ஆனா இவருக்கு எதிர்ப்பு செல்லுங்க கட்டிக்குள்ள நிறைய புகுந்திருக்கு. இந்த மாதிரி கட்டிக்கு இம்யூன் மருந்து சிலருக்கு நல்லா வேலை செய்யும். சீக்கிரமே வந்திருந்தா... பிழைச்சிருப்பார்னு சொல்ல முடியாது. ஒரு சான்ஸ் இருந்திருக்கும் லா."

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தார்கள். இரண்டு பஸ் வந்து போயின. செல்லக்கண்ணு எழுந்திருக்கவில்லை.

"தங்கச்சி, அன்னிக்கு டாக்டர்கிட்ட போக வேணாம்னு சொன்னது நான்தான்."

சம்சுன்னிசா அழவில்லை. அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும்ண்ணே. அவங்க சொல்லிட்டுத்தான் போனாங்க. நீங்களா எப்ப வாயத் திறப்பீங்கன்னு பாக்கத்தான் ஒவ்வொரு தடவையும் கூட வந்தேன்."

அடுத்த பஸ் வந்து நின்றது. அவள் எழுந்தாள்.

"இனிமே நீங்களே தனியா போயிக்குவீங்கல்ல?" என்று கேட்டுவிட்டு ஏறிக்கொண்டாள்.