முதலில் கையெழுத்து

பயிற்சி மனநல ஆலோசகராகச் சேர்ந்த முதல் நாளே லாக் புக்கைக் கொடுத்துவிட்டார்கள். பார்க்கும் ஒவ்வொரு கேஸுக்கும் சூப்பர்வைசர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் சான்றிதழ் இல்லை.

எங்கள் சூப்பர்வைசர் மேடம் கெட்டிக்காரர்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அவர் சொன்னதை யாராவது மறுத்துவிட்டால், "இது ஒன்னோட ரெசிஸ்டன்ஸ்" என்பார்; உண்மையை ஏற்கவிடாத மனத்தடை என்று அர்த்தம். ஒத்துக்கொண்டால் நல்ல மாணவி, மறுத்தால் மனநோயாளி!

தேவகோட்டையிலிருந்து ஒரு டீச்சரம்மா என்னிடம் வந்துகொண்டிருந்தார். ஓயாத அழுகை, அசதி. "தொண்டைகூடக் கட்டிக்கிருச்சும்மா, எதுனாலன்னு நெனைக்கிறீக?" என்று கேட்டார். மாமியார் மேல் அடக்கிவைத்த கோபம் என்பது மேடத்தின் முடிவு. திங்கட்கிழமை கேஸ் மீட்டிங்கில், "தைராய்டு டெஸ்ட் எடுத்துப் பாத்துருவோம் மேடம்" என்றேன்.

"ஒங்கப்பா குடிச்சுட்டு வந்து ஒன்னைய அடிச்சாருல்ல? அதான் யாரு என்ன சொன்னாலும் எதுத்துப் பேசுற."

கதவைச் சாத்திக்கொண்டு அவரிடம் மட்டும் சொன்ன விஷயம் அது. எட்டுப் பேர் முன்னால் போட்டு உடைத்துவிட்டார். மூன்று மாதக் கையெழுத்து பாக்கியுடன் என் லாக் புக் அவர் மேசையில் கிடந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒங்கள நம்பித்தான் சொன்னேன் மேடம். அத இங்குட்டு இழுக்காதீக. அந்தம்மாவுக்கு டெஸ்ட் வேணும், அம்புட்டுத்தான்."

"அப்ப கையெழுத்தையும் வேற எங்குட்டாவது போயி வாங்கிக்க."

மீட்டிங்கில் கூட இருந்த டாக்டர் டெஸ்ட்டுக்குச் சீட்டு எழுதினார். தைராய்டுதான். நான் மதுரையில் வேறொரு இடத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். ஒரு வருஷம் போச்சு. பிறகு பஸ் ஸ்டாண்டில் அந்த டீச்சரம்மா தெளிந்த குரலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, போனது வீணில்லை என்று நெஞ்சு நிமிர்ந்தது.

இன்று செக்காலையில் என்னிடம் நான்கு பேர் பயிற்சி எடுக்கிறார்கள். ஒரே ஒரு சட்டம்: முதலில் லாக் புக்கில் கையெழுத்து, பிறகுதான் பேச்சு. அவர்கள் வீட்டுக் கதையை நான் கேட்பதில்லை.

போன மாதம் வள்ளிக்கண்ணு என்கிற பயிற்சிப் பெண் கேஸ் மீட்டிங்கில், தன்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒருவரைப் பற்றிச் சொன்னாள்: "நீங்க கூட வந்து உக்காந்தா அந்த அண்ணன் வாயே தெறக்க மாட்டேங்குறாரு மேடம். ஒங்களுக்குப் பயப்படுறாரு."

சுருக்கென்றது. 'ரெசிஸ்டன்ஸ்' என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆக, அந்த வியாதி எனக்கும் ஒட்டியிருக்கிறது! நல்லவேளை, அவள் லாக் புக்கில் கையெழுத்தைப் போட்டு முடித்திருந்தேன். சொல்லை விழுங்கிவிட்டு, "சரி, இனிமே நான் வெளிய உக்காந்துக்கிறேன்" என்றேன்.

நான் ஒரு வருஷத்தைக் கொடுத்துச் சொன்ன மறுப்பை, அவள் ஒன்றும் இழக்காமல் சொல்லிவிட்டாள். என் தொழிலில் இதைவிடப் பெரிய சான்றிதழ் நான் வாங்கியதில்லை.