அமாவாசையில் ஓடிய தறி

இது கட்டிவிட்ட கதை இல்லை. நம்பாதவர்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கு வந்து நெசவாளி கதிர்வேலைக் கேளுங்கள். பேய் என்று பேச்செடுத்தால் அவர் பயப்படமாட்டார். அழுவார்.

அவர் மனைவி கமலாட்சி போய் இரண்டு வருடம் ஆகிறது. கழுத்தில் கட்டி. டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள். கட்டி கரையவில்லை, அவள்தான் கரைந்தாள். "ஒழுங்கா முழுங்கிக்கினு இருந்தா கொறையாதாடி?" என்று கடைசிவரை திட்டினார். விழுங்கிவிட்டேன் என்று அவள் வாயைத் திறந்து காட்டுவாள்.

இப்போது மகள் துளசிக்கும் அதே இடத்தில் கட்டி. ஊசியால் உறிஞ்சிப் பார்த்துவிட்டு அதே மாத்திரையைக் கொடுத்தார்கள். இந்த முறை பக்கத்தில் நின்று விழுங்கவைத்தார் கதிர்வேல். இவளையும் விட்டுவிட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?

அன்று அமாவாசை. ஊரில் ஒரு தறியும் ஓடாது. உச்சிவேளை. கதிர்வேல் கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

டக்... டக்... டக்...

அவர் வீட்டுத் தறி!

"துளசி... நீயாம்மா?"

உள்ளே ஓடினார். துளசி காய்ச்சலில் பாயில் கிடந்தாள். தறியில் யாரும் இல்லை. சேலைக் கரைக்கு ஊடை நூல் ஓட்டும் நாடாக் கட்டையைத் தள்ளக் கமலாட்சி உட்காரும் பலகையைத் தொட்டார். சூடாக இருந்தது.

சத்தம் நின்றது.

துளசியின் கழுத்தில் ஒரு சிவப்புப் பட்டிழை. அதில் இரண்டு முடிச்சு. ஒன்று கட்டியின் மேல். மற்றொன்று... தோள்பட்டைக்கு மேலே, குழியில்.

அங்கே தடவினார்.

இன்னொரு கட்டி.

யாருக்கும் தெரியாத கட்டி.

முடிச்சு இடப்பக்கமாகப் புரண்டிருந்தது. கமலாட்சி இடதுகைக்காரி.

மறுநாளே சென்னை.

"மாத்திரை சாப்பிடும்போதே புதுசா வந்திருக்கா?" டாக்டர் முகம் மாறியது. "ஊசியில வந்தது போதாது. ஒரு கட்டிய முழுசா எடுத்துப் பாக்கணும்."

எடுத்தார்கள். லிம்ஃபோமா. நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். டிபி போலவே வேஷம் போட்டிருக்கிறது.

"நல்லவேளை, வந்துட்டீங்க. குணப்படுத்தலாம்."

துளசி தேறிவருகிறாள். ஆனால் பிறகுதான் அது தெரிந்தது. அன்று கமலாட்சியின் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்துத் தடவிக் கொடுத்த பரிசோதனைக் கண்ணாடித் தகடு பீரோவில் கிடந்தது; அதையும் டாக்டர் வாங்கிப் பார்த்தார்.

"அவங்களுக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும். மாத்திரைய ஒண்ணுகூட விடாம முழுங்கியிருந்தாலும் கட்டி கரைஞ்சிருக்காது."

ஒவ்வொரு அமாவாசையும் உச்சிவேளையில் அந்தப் பலகைக்கு எதிரே உட்காருகிறார் கதிர்வேல்.

"நீ ஒண்ணுகூட விடல கமலா... எனக்குத் தெரிஞ்சிடுச்சி. ஒரு வாட்டி வாயேன்."

தறி அசைவதில்லை.